சாதிக்காயைச் சாப்பிட்டுப் பார்த்தவர்கள்

சின்னப் பிள்ளைக்கு வயிற்றுக்குத்து என்றால் அம்மம்மா சாதிக்காயைக் கல்லில் இரண்டு உரசு உரசி, விரல் நுனியால் நாக்கில் தடவுவா. இரண்டே இரண்டுதான். கூடினால் மயக்கம் வருமாம். அந்த மயக்கம் எங்கட குசினிக்கு வெளியிலும் எழுதி வைக்கப்பட்ட ஒன்று என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

1576இல் லோபெல் என்ற தாவரவியலாளர் ஒரு சம்பவத்தை எழுதினார். பத்துப் பன்னிரண்டு சாதிக்காய் தின்ற ஓர் ஆங்கிலேயக் கர்ப்பிணி வெறிகொண்டு பிதற்றினாளாம். அவளின் பெயரை யாரும் எழுதவில்லை. பிறகு 1829இல் செக் விஞ்ஞானி புர்கின்யே மூன்று காயைத் தானே விழுங்கிப் பார்த்து, கனவும் நனவும் குழம்பியதைப் பதிந்தார். சிறுமூளையில் இன்று அவர் பெயரில் உள்ள கலங்களை விபரித்ததும் இதே ஆள்தான், 1837இல்.

அந்தக் காலத்து ஐரோப்பாவுக்குச் சாதிக்காய் போனது இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் இருந்து. 1621இல் ஒல்லாந்தக் கம்பனியின் ஆளுநர் கூன் அந்தத் தீவு மக்களில் பெரும்பாலானோரைக் கொன்றும் பட்டினி போட்டும் நாடுகடத்தியும் தீர்த்தான். தோட்டங்களில் அடிமைகளை இறக்கினான். அதே கம்பனிதான் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது. ஒல்லாந்தர் என்றால் கோட்டையும் தேசவழமையும் என்றுதானே நாங்கள் படித்தோம்? பண்டாவைப் பற்றி ஒரு வரி படித்த ஞாபகம் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் சாதிக்காய் சிறைக்குள் போனது. 1946இல் பொஸ்டனில் சிறைவைக்கப்பட்ட மல்கம் எக்ஸ், குசினியில் வேலைசெய்த கைதிகளிடம் தீப்பெட்டி நிறையச் சாதிக்காய்த்தூள் வாங்கித் தண்ணீரில் கலந்து குடித்ததைத் தன் சுயசரிதையில் மறைக்காமல் சொல்கிறார். கஞ்சா கிடைக்காத இடத்தில் அதுதான் மாற்று. ஆனால் இது சுகமான போதை இல்லை. சில மணித்தியாலம் ஒன்றும் தெரியாது, பிறகு சத்தி, நாவறட்சி, நெஞ்சுப் படபடப்பு, பயம். அடுத்த நாளும் தலை தெளியாது. ஒன்றும் ஏறவில்லையே என்று மேலும் விழுங்குபவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

குற்றவாளியாகக் காட்டப்படுவது காயின் எண்ணெயில் உள்ள மிரிஸ்டிசின். உடலுக்குள் அது அம்பெற்றமீன் வகைப் பொருளாக மாறலாம் என்று 1960களில் அமெரிக்க வேதியியலாளர் ஷுல்கின் ஊகித்தார். மனித உடலில் அப்படி நடப்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. மிரிஸ்டிசினைத் தனியாகக் கொடுத்தபோது முழுக்காயின் விளைவு அப்படியே வரவும் இல்லை. எலிமிசின் போன்ற கூட்டாளிகளும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன போல.