சுமைக்கும் உயரத்துக்கும் பிறந்த டர்போ

தேனி மாவட்டத்துத் தேவாரத்துக்கு மேற்கே ஊரும் வயலும் முடிகிற இடத்தில் மலை தொடங்குகிறது. மலைக்கு மேலே உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்கள்; மலைக்குக் கீழே அந்தத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் ஊர்கள்: தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை, கம்பம், போடி. சாக்கலூத்து மெட்டு வழியாக நேரே ஏறிவிட ஒரு சாலை வேண்டும் என்று தேவாரம் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறது. அந்தச் சாலை இல்லாததால், விடியலில் கிளம்பும் தொழிலாளர் ஜீப்புகள் ஒரு பக்கம் போடிமெட்டு, மறுபக்கம் கம்பம்மெட்டு என்று சுற்றித்தான் மேலே போகின்றன. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் எஞ்சினுக்குக் கூடுதல் காற்று ஊட்ட டர்போ கிட் வாங்குவதா, சூப்பர்சார்ஜர் கிட் வாங்குவதா என்ற கேள்விக்கும் இந்த ஜீப்புகளுக்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். நெருங்கிய தொடர்பு இருக்கிறது என்பதே என் வாதம். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கலை வேகத்துக்காக வளர்ந்தது என்ற எண்ணம் பந்தயப் படங்களும் விளம்பரங்களும் கொடுத்தது. அந்தக் கலையில் நிலைத்து நின்ற பகுதியை வளர்த்தவை சுமையும் உயரமும். அதற்கான சான்று பந்தயத் திடல்களில் கிடைப்பதைவிட இதுபோன்ற மலையடிவாரங்களில்தான் அதிகம் கிடைக்கிறது.

எந்த எஞ்சினும் எரிபொருளை மட்டும் கொண்டு வேலை செய்வதில்லை. சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று போகிறதோ அவ்வளவுதான் எரிக்க முடியும். போடியிலிருந்து போடிமெட்டுவரை முப்பது கிலோமீட்டருக்குள் சாலை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்கிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதாவது எஞ்சினிடம் அதிக வேலை கேட்கும் அதே நேரத்தில், அதற்கு வேண்டிய காற்றை மலை குறைத்துக்கொண்டே போகிறது. உலகம் இந்தச் சிக்கலை முதலில் பெரிதாகச் சந்தித்தது விமானத்தில். 1918-ல் சான்ஃபோர்ட் மாஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு, கொலராடோவில் ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் சிகரத்துக்குப் போனார். கீழே 350 குதிரைத்திறன் கொடுத்த அந்த எஞ்சின் உச்சியில் 230-ஐ ஒட்டித் தளர்ந்தது. எஞ்சின் வெளியேற்றும் புகையால் சக்கரம் சுழன்று காற்றை அழுத்தித் தரும் டர்போவைப் பூட்டியதும் இழந்த திறன் முழுவதும் திரும்பி வந்தது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905-லேயே இந்தக் கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். வீணாகும் புகையின் ஆற்றலை மீட்பதுதான் அவர் நோக்கம். அவருடைய முறை 1920-களில் பிராய்சன், ஹன்சஷ்டாட் டான்சிக் என்ற இரண்டு பயணிகள் கப்பல்களில் பூட்டப்பட்டு, 1,750 குதிரைத்திறன் எஞ்சின்களை 2,500-க்கு உயர்த்தியது. முதலில் மலையுச்சி, அடுத்துக் கப்பல். டர்போ கார் கடைக்கு வந்தது 1962-ல்தான்.

சூப்பர்சார்ஜரின் வரலாறு வேறு பாதையில் போனது. எஞ்சினின் சுழல்தண்டே பெல்ட் மூலமோ பல்சக்கரம் மூலமோ அதைச் சுழற்றுகிறது. ஆகவே ஆக்சிலரேட்டரை மிதித்த கணமே காற்று வருகிறது. இண்டியானாவின் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை பெற்ற ஊதுகருவி உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று தள்ளியது. பின்னாளில் அதுவே கார்களில் ஏறியது. 1921-ல் மெர்சிடிஸ் சூப்பர்சார்ஜர் பூட்டிய கார்களைக் காட்சிக்கு வைத்தது. வெளியாரின் கருவியை ஓடும் காரில் பூட்டுகிற இன்றைய வழக்கத்துக்கு மூத்த எடுத்துக்காட்டு என்று நான் கருதுவது ‘ப்ளோயர் பென்ட்லி’. நாலரை லிட்டர் பென்ட்லியின் முன்னால் ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் வடிவமைத்த சூப்பர்சார்ஜரைப் பூட்டும் திட்டத்தைப் பந்தய ஓட்டுநர் டிம் பிர்கின் 1929-ல் முன்னின்று நடத்தினார். நிறுவனர் டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு அதில் உடன்பாடே இல்லை. திறன் வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ப்ளோயர் கார்கள் வேகத்தில் எவருக்கும் சளைக்கவில்லை. ஆனால் 1929, 1930 இரண்டு ஆண்டுகளிலும் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது ஊதுகருவி இல்லாத ஆறரை லிட்டர் ஸ்பீட் சிக்ஸ். மலையைப் பொறுத்தவரை சூப்பர்சார்ஜருக்கு இன்னொரு குறையும் உண்டு. அதன் சுழற்சி எஞ்சினோடு கட்டுண்டது. வெளிக்காற்று மெலியும்போது அது தள்ளும் காற்றும் அதே விகிதத்தில் மெலிகிறது. ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் விமான எஞ்சினில் உயரத்துக்கு ஏற்ப சூப்பர்சார்ஜருக்கென்றே கியர் மாற்றும் ஏற்பாடு வைக்க வேண்டியிருந்தது. டர்போவுக்கு அந்தக் கட்டு இல்லை. வெளியே அழுத்தம் குறைந்தால் புகை இன்னும் வேகமாக விரிந்து பாய்கிறது. சக்கரம் இன்னும் விரைந்து சுழன்று, குறைவில் ஒரு பகுதியைத் தானே ஈடுகட்டிக்கொள்கிறது.

இனி நம் பள்ளத்தாக்கு. எஞ்சின் மலையேறத் திணறிய காலத்துக்கும் முன்னால், இங்கே மலையைக் கடக்க மோட்டார் எஞ்சினை நம்பாத ஒரு வழி இருந்தது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். அங்கிருந்து போடிக்கு மேற்கே உள்ள கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. அதற்குப் பிறகு மாட்டுவண்டி. 1924 வெள்ளம் அந்த ரயிலை அழித்தது. மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் 1928-ல் வந்தது, மலையடிவாரத்தோடு நின்றது. அதற்கு மேல் எல்லாமே சாலையின் பொறுப்பு. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் அரிதானபோது மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலங்களைச் செய்தது. பேருந்துகள் பின்புறம் கரி அடுப்பைச் சுமந்து ஓடின. கரிவாயுவில் வெப்பம் குறைவு. சிலிண்டரில் காற்று நிற்க வேண்டிய இடத்தில் பாதியை வாயுவே பிடித்துக்கொள்ளும். சமதரையில் இது பொறுத்துக்கொள்ளத்தக்க இழப்பு, ஏற்றத்தில் அப்படியல்ல. எஞ்சினின் திறன் என்பது அதன் மூச்சுதான் என்ற பாடத்தை இந்த நாட்டுச் சாலைகளுக்கு முதலில் கற்றுக்கொடுத்தவை அந்தக் கரி வண்டிகள். பிறகு டீசல் வந்தது, விலை மலிவோடு வந்தது. 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கும்வரை டீசலுக்கும் பெட்ரோலுக்கும் இடையில் இருந்த விலை வேறுபாடு, சுமை ஏற்றுகிற எல்லா வண்டிகளையும் டீசல் பக்கம் தள்ளியது. டர்போவா சூப்பர்சார்ஜரா என்ற தேர்வு பாதிக்குமேல் அங்கேயே முடிந்துவிட்டது. பெட்ரோல் எஞ்சினில் காற்றை அளவுமீறி அழுத்தினால் கலவை முன்கூட்டியே வெடித்து பிஸ்டனைச் சிதைக்கும். டீசலில் எரிபொருள் கடைசி நொடியில்தான் உள்ளே தெளிக்கப்படுகிறது. அதிகக் காற்று அதற்குத் தீங்கு செய்வதில்லை, சுத்தமாக எரியவே உதவுகிறது.

டர்போ என்ற பெயரைப் பலர் அறியாத நாளிலேயே அதன் குணத்தைப் போடி ரயில் நிலையம் கண்டிருக்கிறது. நீராவிக்குப் பிறகு மீட்டர்கேஜ் பாதைகளில் ஓடிய ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சின்கள் டர்போ பூட்டியவை; அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு. வண்டி கிளம்பும்போது அவை கக்கும் கரும்புகை பேர்போனது. ஓட்டுநர் கைப்பிடியைத் திருப்பியதும் டீசல் உடனே வந்துவிடும். காற்றோ, புகை பெருகி டர்போ சக்கரம் வேகம் எடுத்த பிறகுதான் வரும். இடைப்பட்ட சில நொடிகளில் எரியாத டீசல் கருமையாக வெளியேறும். கார் விற்பவர்கள் இன்று ‘டர்போ லேக்’ என்று சொல்லும் தாமதம் இதுதான். அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அந்தப் புகையைவிட நல்ல பாடம் கிடையாது.

சாலை வண்டிகளுக்கு டர்போ வந்த வரலாற்றில் 1982 முக்கியமான ஆண்டு. டி.வி.எஸ். குழுமத்தைச் சேர்ந்த நிறுவனங்களும் ஜெர்மனியின் கே.கே.கே. நிறுவனமும் சேர்ந்து தமிழ்நாட்டில் டர்போ எனர்ஜி என்ற நிறுவனத்தைத் தொடங்கின. அன்று இந்தியச் சாலைகளில் என்ன கார் ஓடியது? அம்பாசடர், பிரீமியர் பத்மினி. மாருதி 800 வெளிவந்தது 1983 டிசம்பரில். டர்போ பூட்டிய கார் என்று சொல்ல இந்தியத் தயாரிப்பில் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் தமிழ்நாட்டில் டர்போ செய்யத் தொடங்கியவர்கள் யாரை மனத்தில் வைத்திருக்க முடியும்? லாரியும் பேருந்தும் டிராக்டரும் கட்டுபவர்களைத்தான். இங்கே ஒரு மறுப்பு எழும்: நம் வண்டிகளுக்கு டர்போவைக் கொண்டுவந்தது மலையும் அல்ல, சுமையும் அல்ல, மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் என்று. அதில் உண்மை உண்டு. 2000-க்குப் பிறகு பாரத் ஸ்டேஜ் விதிகள் படிப்படியாக இறுகியதால்தான் டர்போவும், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் எல்லா லாரிகளுக்கும் கட்டாயம்போல் ஆகின. ஆனால் டீசல் வண்டிகளுக்கான முதல் மாசு விதி 1992-ல் வந்தது. தொழிற்சாலை அதற்குப் பத்தாண்டு முந்தியது. சட்டம் டர்போவைப் பரப்பியது. அதன் தேவையைச் சட்டம் உண்டாக்கவில்லை. மேலும், டீசல் வண்டி அதிகம் புகைவிடுவது எங்கே? சுமையோடு ஏறும்போது, காற்று போதாதபோது. சட்டம் தண்டித்த குறையும் மலை வெளிப்படுத்திய குறையும் ஒன்றே.

பந்தயக்காரர்கள் வேறு மாதிரி மறுப்பார்கள். தமிழ்நாட்டுக்கு நீண்ட பந்தய மரபு உண்டு. வண்டிக்குத் திறன் கூட்டும் கைத்திறனை வளர்த்தது அது அல்லவா என்பார்கள். சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளமும் பின்னர் வந்த இருங்காட்டுக்கோட்டைத் திடலும் பல தலைமுறை மெக்கானிக்குகளை உருவாக்கின என்பதில் எனக்கு ஐயமில்லை. கோயம்புத்தூரின் கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை எளிய விலையில் கட்டி, பந்தயத்தைப் பலருக்கும் எட்டச் செய்தது பெரிய சாதனை. ஆனால் அந்தத் திடல்கள் இரண்டும் கடல்மட்டத்தை ஒட்டிய சமதரை. அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. ஒரே வகை எஞ்சினை எல்லோருக்கும் கொடுத்து ஓட்டுநரின் திறமையை அளப்பதுதான் அத்தகைய பந்தயத்தின் அடிப்படை. கார்புரேட்டரையும் கேம்ஷாஃப்ட்டையும் நுணுக்கமாகத் தீட்டும் கலை அங்கே வளர்ந்தது. காற்றைத் திணிக்கும் கலைக்கு அங்கே இடம் சிறியது. உலகப் பந்தயத்திலும் ரெனோ 1977-ல் ஃபார்முலா ஒன்னுக்குள் டர்போவைக் கொண்டுவந்து 1979-ல் வென்றது உண்மைதான். அதற்கு நாற்பது ஆண்டு முன்பே சுவிட்சர்லாந்தின் சாவ்ரர் நிறுவனம் டர்போ லாரியைக் கட்டிவிட்டது. மலைநாட்டு லாரி நிறுவனம் அது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏலமலை ஏறும் ஜீப்புக்கு வருவோம். மஹிந்திரா 1979-ல் பிரான்சின் பெஜோவிடம் உரிமம் பெற்று டீசல் எஞ்சின் செய்யத் தொடங்கியது. பின்னர் தன் சொந்த 2.5 லிட்டர் டி.ஐ. எஞ்சினுக்கு மாறி, அதற்கு டர்போவும் பூட்டியது. தார் டி.ஐ. ஜீப்பில் வந்த அந்த டர்போ எஞ்சினின் உச்சத் திறன் 63 குதிரைத்திறன் மட்டுமே. அதுவும் 3,200 சுழற்சியில் முடிந்துவிடும். ஸ்போர்ட்ஸ் கார் பார்வையில் இது சிரிப்புக்குரிய எண். ஆனால் அதன் முழு இழுவை, 180 நியூட்டன் மீட்டரைத் தாண்டி, 1,500 சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. டர்போவை வேகத்துக்காகப் பூட்டியவர்கள் இப்படி ஓர் எஞ்சினைச் செய்யமாட்டார்கள். ஆள்சுமையோடு இரண்டாம் கியரில் வளைவு ஏறும் வண்டிக்காகச் செய்தால் இப்படித்தான் செய்வார்கள். இங்கேதான் சூப்பர்சார்ஜர் தரப்பின் வலுவான மறுப்பு இருக்கிறது: கொண்டை ஊசி வளைவில் சுழற்சி ஆயிரத்துக்கு இறங்கும்போது டர்போ தூங்கிவிடும், சூப்பர்சார்ஜர் தூங்காது, மலைக்கு ஏற்றது அதுதானே? வளைவை மட்டும் தனியாகப் பார்த்தால் அது சரியான வாதம். பெரிய டர்போ பூட்டிய பழைய லாரிகள் வளைவில் திணறியது இதனால்தான். ஆனால் ஏற்றம் முழுவதையும் கணக்கில் எடுத்தால் நிலை மாறுகிறது. சூப்பர்சார்ஜர் எஞ்சினின் திறனிலிருந்தே தன் பங்கைப் பிடித்துக்கொள்கிறது; மணிக்கணக்கில் ஏறும் வண்டிக்கு அது டீசல் செலவு. டர்போவின் தாமதத்துக்கோ மருந்து கிடைத்துவிட்டது: சிறிய சக்கரம், உபரிப் புகையைத் திருப்பிவிடும் வால்வு, பின்னர் புகைக்கேற்ப மாறும் இறக்கைகள்.

இழுவை கூடியது முழு நன்மை என்றும் நான் சொல்லவில்லை. ஏற முடியும் என்றானதும் அளவுக்குமேல் ஆளை ஏற்றும் பழக்கமும் வளர்ந்தது. தோட்ட ஜீப் விபத்துச் செய்திகள் இந்த மாவட்டத்துக்குப் பழகிப்போனது பெரிய வேதனை. காலையில் மேலே கொண்டுபோன டர்போ மாலையில் இறங்கும்போது ஒரு உதவியும் செய்யாது. அப்போது வேலை முழுவதும் பிரேக்குக்கும் சரியான கியருக்கும்தான்.

ஆகவே இந்த மலைப்பாதைகளில் ஓட்டப்போகும் ஒருவர் தம் ஸ்போர்ட்ஸ் காருக்குக் கிட் தேர்ந்தெடுக்கும்போது, உச்சக் குதிரைத்திறன் எவ்வளவு என்பதைக் கடைசியாகத்தான் கேட்க வேண்டும். காற்று எந்தச் சுழற்சியில் வரத் தொடங்குகிறது, எஞ்சினின் அழுத்த விகிதம் என்ன, அழுத்திய காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் உண்டா, எண்ணெய் போதுமா, பிரேக் தாங்குமா என்பவை முதலில் வர வேண்டும். 1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் இதற்கு எச்சரிக்கை. அழுத்த விகிதம் 10.25 ஆக இருந்த பெட்ரோல் எஞ்சினில் டர்போவைப் பூட்டி, முன்வெடிப்பைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளித்தார்கள். உரிமையாளர்கள் திரவத்தை நிரப்ப மறந்தார்கள். பல கார்களில் டர்போவையே கழற்றிவிட வேண்டியதாயிற்று. தொழிற்சாலையே செய்த கார் அது. உள்பாகம் எதையும் மாற்றாத இன்றைய பெட்ரோல் எஞ்சினில் வெளியார் கிட் பூட்டுவதானால், அரை பாருக்கு மேல் அழுத்தம் கேட்கக் கூடாது என்பது என் முடிவு. பெரும்பாலும் சமதரையில், வார இறுதியில் ஓடும் பெட்ரோல் காருக்குச் சிறிய சூப்பர்சார்ஜர் நியாயமான தேர்வு. மெட்டு ஏறி இறங்கும் காருக்குச் சிறிய டர்போ. எதுவானாலும் சட்டம் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் அதை ஒட்டி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை அனுமதிப்பதில்லை. கேரளத்தில் தொடங்கிய வழக்கு அது. போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். தொழிற்சாலையிலேயே டர்போ பூட்டி, அதற்கேற்ப பிஸ்டனும் குளிர்விப்பும் அமைத்து வரும் கார்கள் இன்று தேனியிலேயே கிடைக்கும்போது, கிட்டுக்குச் செலவிடும் பணத்தை அப்படி ஒரு கார் வாங்குவதில் போடுவதே நல்லது.