உடும்பின் பெயர் பூண்ட குடி

தமிழகத்தை விட்டு வெளியே வாழும் தமிழர்க்கு வாழ்நாள் முழுதும் தீராத தொல்லை ஒன்று உண்டு. எந்த விண்ணப்பப் படிவத்தை எடுத்தாலும் 'குடும்பப் பெயர்' என்றொரு கட்டம் நம்மை முறைத்துப் பார்க்கும். தந்தையின் பெயரைச் சுருக்கி ஓரெழுத்தாக்கித் தம் பெயரின் முன் வைத்துக்கொள்ளும் நாம் அங்கே எதை எழுதுவது? தந்தையின் பெயரை எழுதினால் நம்மை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். ஊரின் பெயரை எழுதினால் ஊராகவே ஆகிவிடுகிறோம். இத்தகைய சங்கடம் ஒன்றைக் குறித்துப் பல்லாண்டுகளுக்கு முன் என்னுடன் பணியாற்றிய மராத்திய நண்பர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் சிரித்துக்கொண்டே, "மரத்திலும் பாறையிலும் ஏறி இறுகப் பற்றிக்கொள்ளும் பெரிய பல்லி போன்ற விலங்குக்கு உங்கள் மொழியில் என்ன பெயர்?" என்று வினவினார். "உடும்பு" என்றேன். "அதுதான் ஐயா என் குடும்பப் பெயர்" என்றார். அவர் பெயர் கோர்படே.

மராத்தியில் 'கோர்பட்' என்பது உடும்பைக் குறிக்கும் சொல். உடும்பு என்னும் நம் சொல்லோ தெலுங்கில் உடுமு எனவும், கன்னடத்தில் உடா எனவும், மலையாளத்தில் நாம் சொல்வது போலவே உடும்பு எனவும் வழங்கும். 'உடும்புப் பிடி' என்று நாம் அன்றாடம் சொல்லும் தொடருக்கும் இம்மராத்தியக் குடியின் பெயருக்கும் வேராக அமைந்தது ஒரே இயல்புதான். பற்றினால் விடாத அந்தப் பிடியே ஒரு மொழியில் பழமொழியாகவும், மற்றொரு மொழியில் ஒரு குடியின் பெயராகவும் நிலைத்தது.

பெயர் வந்த வரலாற்றைக் குடிவழிச் செய்தி இவ்வாறு கூறும். பாமினி அரசின் பேரமைச்சர் மகமூது கவான் 1469 முதல் கொங்கணத்துக் கோட்டைகளின் மேல் படையெடுத்தார். அவற்றுள் கேள்னா என்பது எளிதில் பணியாத மலைக்கோட்டை. இன்று விசால்கட் என வழங்குவது அதுவே. கரணசிங் என்னும் படைத்தலைவர் ஓர் உடும்பின் உடலில் கயிற்றைக் கட்டிச் செங்குத்தான பாறையில் ஏறவிட்டு, அது பற்றிக்கொண்ட பின் அக்கயிற்றின் வழியே வீரரை ஏற்றிக் கோட்டையைப் பிடித்தாராம். அப்போரில் அவர் மாண்டார். அவர் மகன் பீமசிங்குக்குச் சுல்தான் 1471-இல் 'ராஜா கோர்படே பகதூர்' என்ற பட்டமும், முதோளும் அதைச் சூழ்ந்த 84 ஊர்களும் வழங்கினார் என்பர். 1826-இல் மராத்தியர் வரலாற்றை எழுதி வெளியிட்ட கிராண்ட் டஃப் என்னும் ஸ்காட்லாந்தியரும், இக்குடியின் பழைய பெயர் போன்ஸ்லே என்றும், கொங்கணக் கோட்டையொன்றில் உடும்பின் துணையால் முதலில் ஏறியவரால் இப்புதுப்பெயர் வந்தது என்றும் தாம் கேட்டதைக் குறித்துள்ளார்.

இக்கதையை எவ்வளவு நம்பலாம்? நம் நாட்டு உடும்பு சில கிலோ எடையே உள்ள விலங்கு. ஓர் ஆளின் பாரத்தை, அதுவும் போர்க்கருவி தாங்கிய ஆளின் பாரத்தை, அதன் நகங்கள் தாங்கும் என்பதை என் மனம் ஏற்க மறுக்கிறது. 1670-இல் தானாஜி மாலுசரே சிங்ககட் கோட்டையைப் பிடித்தபோதும் இவ்வாறே 'யசுவந்தி' என்ற உடும்பு பயன்பட்டதாக மராத்தியரின் பவாடா என்னும் வீரப்பாடல் வழக்கு கூறும். ஆய்வாளர் பலர் அதையும் ஏற்பதில்லை. இருநூறு ஆண்டு இடைவெளியில் ஒரே கதை இரு கோட்டைகளின் மேல் ஏறியிருக்கிறது! மராத்தியக் குடிகள் ஒவ்வொன்றுக்கும் 'தேவக்' எனப்படும் குலச்சின்னம் உண்டு. அது மரமாகவோ விலங்காகவோ அமையும். கோர்படே என்பதும் தொடக்கத்தில் அத்தகைய சின்னத்தின் பெயராக இருந்து, கோட்டைக் கதை பின்னர் வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று கருத இடமுண்டு. அல்லது உடும்பைப் போலப் பாறையில் தொற்றி ஏறிய வீரனுக்கே அப்பெயர் இடப்பட்டிருக்கலாம். இப்பின்னதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. உவமை நாளடைவில் நிகழ்ச்சியாக மாறுவது வாய்மொழி வரலாற்றில் புதிதன்று.

பட்டம் பற்றிய பாரசீக ஆணைகள் சில முதோள் அரண்மனையில் பேணப்பட்டு வந்தன. அவற்றின் உண்மைத் தன்மையை வரலாற்றறிஞர் சிலர் ஐயுற்றனர். வேறு சிலர் ஏற்றனர். இது வெறும் ஏட்டுச் சண்டை அன்று. அவ்வாணைகள் உண்மையாயின், கரணசிங்கின் வழியினர் கோர்படே ஆக, அவருடைய உடன்பிறந்தார் வழியினர் போன்ஸ்லே என்ற பழம்பெயரோடு நின்றனர் என்றாகும். அப்பெயரோடு நின்றவர் மரபில் தோன்றியவரே சத்திரபதி சிவாஜி. இராசபுத்திர சிசோதியர் வழி என்ற போன்ஸ்லே குடியின் உரிமைக்கும் முதோள் ஆணைகள் சான்றாகக் காட்டப்பட்டன. ஆகவே ஒரு விலங்கின் பெயரைப் பற்றிய ஆராய்ச்சி ஓர் அரசமரபின் பிறப்பையே தொட்டு நின்றது.

இரண்டும் ஒரே குடியெனின், அவற்றுக்கிடையே நிகழ்ந்தது பங்காளிப் பகையே ஆகும். அப்பகை மூண்ட இடம் நம் தமிழ்நாடு என்பது பலர் அறியாதது. 1648-இல் பீஜப்பூர்ப் படை செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. அப்படையில் சிவாஜியின் தந்தை சகாஜியும் இருந்தார். முதோள் தலைவர் பாஜி கோர்படேயும் இருந்தார். தலைமைத் தளபதி முஸ்தபா கானுக்குச் சகாஜியின் மேல் ஐயம் எழுந்தது. அவருடைய ஆணையின்படி பாசறையிலேயே சகாஜியைச் சிறைப்பிடித்தவருள் முன்னின்றவர் பாஜி கோர்படே. சகாஜி விலங்கிடப்பட்டுப் பீஜப்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அடுத்த ஆண்டில்தான் விடுதலை பெற்றார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1664-இல், சிவாஜி முதோளின் மேல் பாய்ந்து பாஜியைக் கொன்று பழிதீர்த்தார்.

அதன் பின் நடந்ததுதான் நம் கருத்தைக் கவர்வது. 1677-இல் தெற்கு நோக்கிப் படையெடுத்த சிவாஜி, பாஜியின் மகன் மாலோஜி கோர்படேக்கு ஒரு மடல் விடுத்தார். தந்தையர் காலத்துப் பகையை எடுத்துரைத்து, உன் தந்தை என் தந்தையைப் பிடித்தார், நான் உன் தந்தையைக் கொன்றேன், இனி அதை மறந்து மராத்தியர் ஒன்றுபடவேண்டும் என்னும் கருத்துப்பட எழுதப்பட்ட மடல் அது. கொன்றவனே கொல்லப்பட்டவனின் மகனை அழைக்கும் அம்மடலை எண்ணும்போதெல்லாம் மாலோஜி அதை எந்த முகத்தோடு படித்திருப்பார் என்ற நினைவு எழும். அவர் பீஜப்பூரின் பணியை விட்டு வரவில்லை.

ஆயினும் கோர்படே என்ற பெயர் சிவாஜியின் மக்களுக்குப் பகைப்பெயராக நின்றுவிடவில்லை. அக்குடியின் மற்றொரு கிளையினரான மாலோஜி கோர்படே (இவர் வேறு மாலோஜி) 1689-இல் சங்கமேசுவரத்தில் சம்பாஜி மன்னர் பிடிபட்ட வேளையில் அவரைக் காக்கப் போரிட்டு மாண்டார். இவருடைய மக்களே சந்தாஜி, பகிர்ஜி, மாலோஜி என்னும் மூவர். சம்பாஜிக்குப் பின் பட்டமேற்ற இராசாராம் செஞ்சியில் வந்து தங்கினார். முகலாயர் அக்கோட்டையை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டனர். 1692 திசம்பரில் சந்தாஜி பெரும்படையுடன் தொண்டை நாட்டில் தோன்றி, காஞ்சிபுரத்து முகலாய அதிகாரி அலி மர்தான் கானை வென்று சிறைப்பிடித்தார். 1695-இல் இன்றைய சித்திரதுர்க்க மாவட்டத்துத் தொட்டேரியில் காசிம் கானின் படையை அழித்தார். அவர் பெயரைக் கேட்டால் முகலாயப் பாசறைகள் நடுங்கின என்பர். ஆனால் அவருடைய கடுமை அரசருக்கும் பொறுக்கவில்லை. 1696-இல் விருத்தாசலத்தை அடுத்த ஓரிடத்தில் அரசரின் படையும் சந்தாஜியின் படையும் மோதின. வென்றவர் சந்தாஜி. அரசரே கைப்பட்டார். மறுநாள் சந்தாஜி தாமே கைகட்டி அரசர்முன் நின்று தம் பழைய பணிவை உரைத்து அவரை விடுவித்தார் என்று அக்காலக் குறிப்புகள் கூறும். அப்போரில் சந்தாஜியால் கொல்லப்பட்ட ஒருவரின் உறவினரான நாகோஜி மானே, 1697-இல் அவர் நீராடிக்கொண்டிருந்தபோது கொன்றார். அத்தகைய தளபதிக்குப் போர்க்களத்தில் சாவு கிட்டவில்லை.

மூவருக்கும் பட்டங்கள் கிடைத்தன; பகிர்ஜிக்குக் கிடைத்தது 'இந்துராவ்' என்பது. தில்லியில் மருத்துவமனைக்குப் பெயராக நிலைத்துவிட்ட இந்துராவ் வேறு; அவர் காகல் காட்கே குடியினர். தில்லி நண்பர்கள் பலர் இவ்விருவரையும் குழப்பிக்கொள்வதால் இதை இங்கே குறிக்கிறேன்.

பகிர்ஜியின் வழியில் வந்த முராரி ராவைத் திருச்சிராப்பள்ளி மக்கள் நன்கறிவர். 1741-இல் இராகூஜி போன்ஸ்லேயின் மராத்தியப் படை சந்தா சாகிப்பை வென்று திருச்சிக் கோட்டையைக் கைப்பற்றியபோது, அதன் பொறுப்பு முராரி ராவ் கோர்படேயிடம் விடப்பட்டது. இரண்டு ஆண்டுகள் அவர் அதை ஆண்டார். 1743-இல் ஐதராபாத்து நிசாம் பெரும்படையோடு வரவே, கோட்டையை ஒப்புவித்து நீங்கினார். 1751-இல் கிளைவ் ஆர்க்காட்டில் முற்றுகையுண்டபோது அவருக்குத் துணையாகப் புறப்பட்டவரும் இவரே. பின்னர் எதிரணிக்கு மாறியவரும் இவரே. அந்நாளைய கருநாடகப் போர்களில் அணி மாறாதவர் எவர்? அவருடைய தலைமையிடமான குத்திக் கோட்டையை ஐதர் அலி முற்றுகையிட்டார். கோட்டையில் நீர் வற்றியதால் 1776-இல் பணிய நேர்ந்தது. கப்பால் துர்க்கத்துச் சிறையில் அவர் வாழ்வு முடிந்தது.

முராரி ராவின் தந்தை சித்தோஜி 1728-அளவில் வேடர் தலைவரிடமிருந்து கைப்பற்றிய சந்தூர் மட்டும் அக்குடியிடம் எஞ்சியது. ஏறத்தாழ 160 சதுரமைல் பரப்பே உடைய அச்சிற்றரசில் இரும்புத்தாது நிறைந்த மலைகளும், அவற்றின் நடுவே பழமையான குமாரசுவாமி கோயிலும் உள்ளன. உடும்பின் பெயர் தாங்கியவர் முருகன் மலைக்குக் காவலரானது இனிய பொருத்தமே. சந்தூர் 1949-இல் சென்னை மாகாணத்துடன் இணைக்கப்பட்டது. 1953-இல் மைசூர் மாநிலத்துக்குச் சென்றது. அவ்வரச குடும்பத்தில் பிறந்த எம்.ஒய்.கோர்படே (1931–2011) 1970-களில் கருநாடகத்தின் நிதியமைச்சராக விளங்கினார். அதனினும் மேலாகக் காட்டுயிர்களைப் படமெடுக்கும் கலையில் புகழ்பெற்றார்.

இப்பெயரின் பயணத்தில் மிக வியப்பானது இச்சல்கரஞ்சிக் கிளை. இக்கிளையினர் மராத்தா வகுப்பினர் அல்லர், சித்பாவனப் பிராமணர். நாரோ மகாதேவ் சோசி என்பவர் இளமையில் சந்தாஜி கோர்படேயின் ஆதரவில் வளர்ந்து உயர்ந்தவர். அந்நன்றியை மறவாது தம் 'சோசி' என்ற பெயரை நீக்கி, கோர்படே என்பதையே தம் குடிப்பெயராகக் கொண்டார். அவருடைய மகன் பேசுவா பாலாஜி விசுவநாதரின் மகள் அனுபாயை மணந்தார். குருதித் தொடர்பில் வந்த முதோளார் அரசகுலத்தோடு பகை கொண்டிருக்க, தொடர்பே இல்லாத ஒருவர் செய்ந்நன்றியால் அப்பெயரைத் தாங்கினார்! குடிப்பெயரைக் கொண்டு சாதியைக் கண்டுவிடலாம் என்று எண்ணுவோர் இச்சல்கரஞ்சி வரை ஒருமுறை சென்றுவரலாம்.

இன்று இப்பெயருடையோர் எத்தனை பேர் என்பதை நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சொல்லாது. அது குடும்பப் பெயர்வாரியாக எண்ணிக்கை வெளியிடுவதில்லை. சாதவ், பவார், சிந்தே போல எத்தெருவிலும் கேட்கும் பெயரன்று இது. ஆனால் அது வழங்கும் இடங்களை வரலாறே சுட்டும். கோல்காப்பூர், சாங்லி, சாத்தாரா ஆகிய மேற்கு மராட்டிய மாவட்டங்களே அதன் தாயகம்; சந்தாஜியின் வழியினர் வாழ்ந்த ஊர் இன்றும் 'சேனாபதி காப்ஷி' என்றே வழங்குகிறது. அங்கிருந்து கடப்பிரபைக் கரையிலுள்ள முதோள், தெற்கே கசேந்திரகட், துங்கபத்திரைக்கு அப்பால் சந்தூர் எனப் படைகள் சென்ற வழியெல்லாம் அப்பெயர் கன்னட நாட்டில் ஊன்றியது. வடக்கே பரோடாவிலும் உண்டு. 1950-களில் இந்தியாவுக்காக எட்டு டெஸ்ட் பந்தயங்களில் ஆடிய செயசிங்கராவ் கோர்படே அவ்வூர் ஆட்டக்காரர். நாய் வளர்ப்போர் அறிந்த முதோள் வேட்டைநாயும் அக்குடி பேணி வளர்த்த இனமே. திருச்சியில் இரண்டாண்டு ஆண்டும் தமிழ்நாட்டில் இப்பெயர் வேரூன்றவில்லை. நம்மிடம் உடும்பு கஞ்சிராவின் தோலாக இருந்தது; 1972-இன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அதுவும் அருகிவிட்டது.

இவற்றையெல்லாம் ஓரளவு படித்துத் தெரிந்துகொண்டபின், "நீங்கள் எந்தக் கிளை? முதோளா, காப்ஷியா, கசேந்திரகட்டா?" என்று என் நண்பரை ஆவலோடு கேட்டேன். அவர் சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, "என் பாட்டனார் வாரணைக் கரையில் இரண்டு ஏக்கர் கரும்பு வைத்திருந்தார். கிளை எதுவென்று அவரும் சொன்னதில்லை" என்றார்.