சர்க்கார் மூடிய சர்க்கார் கடை

கள்ளுக்கடையை நடத்தியவன் குத்தகைதாரன்தான் என்றாலும், கடை சர்க்காருடையது என்பதை வெள்ளையர் ஆட்சி நாளில் சேலம் ஜில்லாவின் குக்கிராமத்துச் சிறுவனும் அறிந்திருந்தான். எந்த ஊரில் எத்தனை கடை என்பதை நிர்ணயித்து, அவற்றை ஏலத்தில் விட்டு, கள் இறக்கும் பனைக்கும் தென்னைக்கும் ஈச்சமரத்துக்கும் மரவரி விதித்து, 1886ஆம் ஆண்டின் அப்காரி என்னும் மதுவரிச் சட்டத்தின் துணையோடு சென்னை மாகாண சர்க்கார் தன் வருவாயில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைக் குடியிலிருந்தே திரட்டி வந்தது. தறிக்குழியில் உட்கார்ந்து வாரம் முழுவதும் நெய்தவனின் கூலி, வீட்டு அடுப்பை எட்டுவதற்கு முன்பே கடைவாசலில் பாதியாகிவிடும். அந்தப் பாதியில் ஒரு பகுதி கஜானாவுக்குப் போகும். குடிப்பவனின் குற்றத்தைப் பற்றி அதன் பிறகு எவ்வளவு பேசினாலும், அந்தக் குற்றத்தில் ராஜாங்கத்துக்கு லாபப்பங்கு உண்டு என்பதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது.

இந்த அதர்மத்தைக் கண்டு மனம் பொறாதவர்கள் எல்லாக் கட்சியிலும் இருந்தார்கள். ஈ.வெ.ராமசாமி காங்கிரஸில் இருந்த காலத்தில், 1921இல், ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்குத் தலைமை தாங்கிச் சிறை சென்றார். அவருடைய மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலைத் தொடர்ந்தார்கள். ராமசாமி, சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமான தோப்பில் 500 தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். பின்னாளில் சாஸ்திரத்தையும் சம்பிரதாயத்தையும் முற்றிலும் எதிர்த்து நின்ற அவரும், அவற்றைப் பேணி நின்ற ராஜாஜியும் அன்று இந்த ஒரு காரியத்தில் தோளோடு தோள் நின்றவர்கள் என்பதை இன்றைய வாசகர் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ராஜாஜியின் வழி நிதானமானது. சேலத்தில் வக்கீலாகவும் நகரசபைத் தலைவராகவும் இருந்தவர், 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, கதரோடு மதுவிலக்கையும் அதன் நித்திய கர்மமாக வைத்தார். கல்கி உதவியாசிரியராக இருக்க, 'விமோசனம்' என்று மதுவிலக்குக்கென்றே ஒரு பத்திரிகையை அந்தக் கிராமத்திலிருந்து நடத்தினார். ஆகவே 1937 ஜூலையில் மாகாணப் பிரதமரானவர், அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்குச் சட்டத்தை முதலில் தம் சொந்த ஜில்லாவில் அமல் செய்தது அவசரத்தில் எடுத்த முடிவன்று. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளும் சேர்ந்திருந்த அந்தப் பெரிய ஜில்லா முழுவதிலும் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் ஒரே நாளில் மூடப்பட்டன.

கடை மூடியதோடு காரியம் முடிந்தது என்று அன்றைய நிர்வாகம் கருதவில்லை. மாலை வேளையில் கால்கள் பழக்கத்தால் கடைப்பக்கம் திரும்பும் மனிதனுக்கு வேறொரு போக்கிடம் வேண்டும் என்று உணர்ந்து, கிராமங்களில் பஜனையும் நாடகமும் விளையாட்டும் ஏற்பாடு செய்தார்கள். தேநீர்க் கடைகளுக்கு ஊக்கம் தந்தார்கள். சேமிப்பின் பயனை எடுத்துச் சொன்னார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறையினர் ஜில்லாவில் வீடு வீடாகச் சென்று வரவு செலவைக் கேட்டறிந்தார்கள். சட்டத்தால் ஒழுக்கத்தை உண்டாக்க முடியாது என்று கூறுவோர் இந்த ஆரம்ப நாட்களைக் கூர்ந்து கவனிக்க வேண்டுமென்பது என் பிரார்த்தனை. தண்டனைக்கு முன்னால் பரிவு சென்ற சட்டம் அது.

ஆனால் அந்தச் சட்டத்தின் பாரம் யார் தோளில் இறங்கியது என்பதை ஒரு பனைமரத்தின் அடியில் நின்றால்தான் தெரிந்துகொள்ள முடியும். மரமேறுபவர் கால்களில் தளைநார் மாட்டி, இடுப்பில் பாளை அரிவாளும் சுண்ணாம்பும் கலயமுமாக ஏறுகிறார். பாளையின் நுனியைத் தாள் போல மெல்லிய சீவலாகச் சீவி, அதன் கீழே கலயத்தைக் கட்டுகிறார். கட்டுவதற்கு முன், கலயத்தின் உட்புறத்தில் விரலால் சுண்ணாம்பைத் தடவுகிறார். தடவிய கலயத்தில் விடிவதற்குள் இறங்குவது அந்தப் பக்கத்தார் தெளுவு என்று சொல்லும் பதநீர். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. அந்த ஒரு விரல் சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதே சாறு அதே கலயத்தில் பொங்கிக் கள்ளாகிவிடும். பாளையிலும் உழைப்பிலும் எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் முன்னது ஜீவனோபாயம், பின்னது குற்றம். மழைநாளில் சுண்ணாம்பு கரைந்து போகலாம், அளவு குறைந்து போகலாம். அதை நியாயஸ்தலத்தில் நிரூபிக்க மரமேறுபவரிடம் வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது? ஏலத்தில் கடை எடுத்துக் காசு குவித்த குத்தகைதாரன் வேறு வியாபாரம் பார்த்துக்கொண்டான். மரத்தை விட்டால் வேறு தொழில் அறியாதவரே சட்டத்தின் எதிரே நிராதரவாக நின்றார்.

சேலத்தைத் தொடர்ந்து சித்தூர், கடப்பை, வடஆற்காடு ஜில்லாக்களுக்கும் மதுவிலக்கு விரிந்தது. வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரி என்னும் புதிய வரி பிறந்தது. குடிப்பவனிடமிருந்து எடுப்பதை விட்டு, வாங்குபவர் எல்லோரிடமிருந்தும் கொஞ்சம் எடுப்பது என்ற அந்த யோசனையை வணிகர்கள் பலமாக எதிர்த்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில், யுத்தத்தையொட்டி, மந்திரிசபை ராஜினாமா செய்தது. யுத்த காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திக் கடைகளைத் திறந்தது. விற்பனை வரி மட்டும் நிலைத்துவிட்டது. 1946இல் மதுவிலக்கு மீண்டும் தொடங்கி, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஆட்சிக் காலத்தில், 1948 அக்டோபர் 2ஆம் தேதி காந்தி ஜயந்தியன்று மாகாணம் முழுவதையும் எட்டியது. சேலத்தில் சட்டத்துக்குத் துணையாகச் சென்ற பஜனையும் பரிவும் இவ்வளவு பெரிய பரப்புக்கு நீளவில்லை. போலீஸ் நீண்டது, வழக்குகள் நீண்டன, கள்ளச்சாராயம் பெருகியது. டாக்டர் சான்று பெற்ற வசதிக்காரர் பர்மிட் வைத்துக்கொண்டு வீட்டில் குடிக்க, ஓடைக்கரையில் ஊறல் போட்ட கூலிக்காரன் சிறை போனான். ஒழுக்கத்தைக் காக்கப் பிறந்த சட்டம் ஏழைக்கும் செல்வனுக்கும் இரண்டு தராசு வைத்ததை, மதுவிலக்கை மனமார ஆதரிக்கும் நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, லைசென்ஸும் பர்மிட்டும் வேண்டாம், பிரஜையின் தொழிலில் சர்க்கார் தலையிடலாகாது என்று முழங்கிய ராஜாஜி, மதுவை மட்டும் சர்க்கார் தடுக்க வேண்டும் என்றது முரண் அல்லவா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் முரண் தோன்றவில்லை. பிரஜையின் பலவீனத்தைக் கொண்டு சர்க்கார் பொருள் ஈட்டுவதே அவர் கண்ட பாவம். அவர் மூடச் சொன்ன கடை சர்க்காருடைய கடை. அதனால்தான் ஆட்சி மாறிய பின்னும் மதுவிலக்கை விடாமல் காத்த அண்ணாதுரையின் காலம் முடிந்து, 1971இல் அதை ஒத்திவைப்பதென்று மு.கருணாநிதியின் அரசு முடிவெடுத்தபோது, 92 வயதில், கொட்டும் மழையில், முதலமைச்சர் வீட்டுக்குத் தாமே சென்று வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகஸ்ட் 30ஆம் தேதி கடைகள் திறந்தன. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார்.

கடைகளை 1974இல் மூடி, 1981இல் திறந்து, 1983இல் அரசே டாஸ்மாக் என்ற கழகத்தை அமைத்து, 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. குத்தகைதாரனும் ஏலமும் இப்போது இல்லை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அந்த அரசுக் கழகத்தின் ஊழியர். கள்ளுக்கோ 1987 முதல் தடை நீடிக்கிறது. திருச்செங்கோட்டுப் பக்கம் விடியற்காலையில் மரமேறுபவர் இன்றும் கலயத்துக்குள் சுண்ணாம்பைத் தடவி, போதுமா என்று விரலை மறுபடி உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டுதான் பாளையில் கட்டுகிறார்.