உயரம் இழந்த கோபுரம்

ஆங்கிலத்தில் 'ரறெற்' என வழங்கும் சொல், சிறு கோபுரத்தைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. அதன் வேர் கோபுரம் எனப் பொருள்படும் 'தூரிஸ்' என்னும் இலத்தீன் சொல்லாகும். கோட்டை மதிலின் மீது எழுந்து, காவலனுக்குத் தொலைவைக் காட்டிய சிற்றமைப்பே அதன் முதற்பொருள். இலண்டன் வெண்கோபுரத்தின் உச்சியிலுள்ள நான்கனுள் வட்டமானது 1675இல் வானியல் நோக்கிடமாகவும் பயன்பட்டது. பயன் எதுவாயினும் உயரமே அதன் சிறப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சொல் கடலில் இறங்கியது. அதுவரை போர்க்கப்பலின் பீரங்கிகள் பக்கவாட்டில் வரிசையாக நின்றன. குறிபார்க்கக் கப்பலையே திருப்ப வேண்டியிருந்தது. இரும்புக் கவசமிட்ட வட்டக் கூண்டினுள் பீரங்கியை வைத்து, அக்கூண்டைச் சுழற்றும் முறையைப் பிரித்தானியாவில் கௌப்பர் கோல்ஸும் அமெரிக்காவில் ஜோன் எரிக்சனும் வளர்த்தனர். கூண்டு கோபுரத்தின் பெயரைப் பெற்றது. தமிழில் இதனை வாளா கோபுரம் என்பது மயக்கம் தரும். சுழற்கோபுரம் என்பது ஓரளவு பொருந்தும்.

எரிக்சனின் 'மொனிற்றர்' 1862 மார்ச் 9இல் 'வேர்ஜினியா'வுடன் பொருதது. அதன் கோபுரத்தில் இரு பீரங்கிகளே இருந்தன, பாய்மரம் இல்லை, தளமோ நீர்மட்டத்தை ஒட்டிக் கிடந்தது. பாரமான இரும்புக் கோபுரம் தாழ்ந்திருத்தல் வேண்டும் என்பதை அவ்வமைப்பு ஒப்புக்கொண்டிருந்தது. எனினும் பெருங்கடலுக்கு அது ஏற்றதன்று. அதே ஆண்டு டிசம்பர் 31இல் புயலில் மூழ்கிற்று.

கோல்ஸோ நெடும்பயணத்துக்கு உகந்த முழுப் பாய்மரங்களையும் சுழற்கோபுரங்களையும் ஒரே கப்பலில் இணைக்க விழைந்தார். கடற்படையின் தலைமைக் கப்பலமைப்பாளர் எட்வேட் றீட் ஐயம் தெரிவித்தார். ஆயினும் பத்திரிகைகளும் பாராளுமன்றமும் கோல்ஸின் பக்கம் நின்றமையால் 'கப்ரின்' கட்டப்பட்டது. கட்டுமானத்தில் எடை மிகவே, எட்டடிக்கு மேல் நிற்க வேண்டிய தளம் ஏறத்தாழ ஆறரை அடியே நின்றது. மேலே உயர்ந்த பாய்மரம், கீழே தாழ்ந்த தளம்! 1870 செப்டெம்பர் 7இன் நள்ளிரவுக்குப் பின், பினிஸ்ரெயர் முனைக்கு அப்பால் வீசிய காற்றில் அது கவிழ்ந்தது. கோல்ஸ் உட்பட ஏறத்தாழ 480 பேர் மாண்டனர்; பிழைத்தோர் பதினெண்மர். கடற்படைத் துறையினரின் கருத்துக்கு மாறாக, பொதுமக்கள் கருத்துக்கு இணங்கியே அக்கப்பல் கட்டப்பட்டதென விசாரணை மன்று பதிவுசெய்தது.

அடுத்த ஆண்டு நீரிலிறக்கப்பட்ட 'டெவஸ்ரேஷன்' என்னும் கப்பலில் சுழற்கோபுரங்கள் இருந்தன; பாய்மரங்கள் இல்லை. பிற்காலத்தில் போர்த்தாங்கியும் விமானமும், பல கருவிகளைச் சுழற்றித் தரும் கடைசல் இயந்திரப் பாகமுங்கூட இப்பெயரை ஏற்றன. அவற்றுள் எதுவும் உயரத்தை நாடியதன்று. சுழற்சியொன்றே அச்சொல்லின் பொருளாய் எஞ்சியது.