சிறார் சேமிப்புக் கல்வி (ஐதராபாத்)

கைக்கு வரும் பணத்தில் எதைச் செலவிடுவது, எதைச் சேர்ப்பது என்று தாமே முடிவெடுக்கக் குழந்தைகளைப் பழக்குவது சிறார் சேமிப்புக் கல்வி. தெலங்கானாவின் தலைநகரான ஐதராபாத்தில் இதற்கு வீட்டு வழக்கமும் பொது நிறுவனங்களும் துணைநிற்கின்றன.

வீட்டில்

மண் உண்டியலே முதல் பாடம். ரம்ஜான் பெருநாளில் பெரியவர்கள் தரும் ‘ஈதி’, பிறந்தநாள் பணம், விருந்தினர் கொடுக்கும் காசு முதலியவை இதில் சேரும். பெற்றோர் கைப்பேசியில் பணம் செலுத்தும்போது, பணம் குறைவது குழந்தையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே, சிறு வயதில் நாணயமும் நோட்டும் கையில் புழங்குவது அவசியம்.

நாணயச்சாலை

நிஜாம் ஆட்சியில் 1803இல் தொடங்கிய நாணயச்சாலை, 1903இல் சைபாபாத்தில் நவீன இயந்திரங்களுடன் அமைந்தது; 1997இல் செர்லபள்ளிக்கு மாறியது. பழைய சைபாபாத் வளாகத்தில் 2022 முதல் அருங்காட்சியகம் உள்ளது. ஐதராபாத்தில் அச்சான நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே நட்சத்திரக் குறி இருக்கும். உண்டியல் காசில் அதைத் தேடிப் பிரிக்கும் குழந்தை, எண்ணவும் மதிப்பறியவும் கற்றுக்கொள்கிறது.

நுமாயிஷ்

1938இல் தொடங்கிய இப்பொருட்காட்சி, ஆண்டுதோறும் ஜனவரி 1 முதல் நாம்பள்ளியில் சுமார் ஒன்றரை மாதம் நடக்கும். குறிப்பிட்ட தொகையைக் குழந்தையிடமே கொடுத்துவிட்டால் ராட்டினமா, பொம்மையா, தின்பண்டமா என்று அது தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். தேவைக்கும் ஆசைக்கும் உள்ள வேறுபாடு அங்கே புரியும். பணம் தீர்ந்தபின் மேலும் கொடுத்தால் பாடம் கெட்டுவிடும்.

வங்கிக் கணக்கு

10 வயது நிறைந்த சிறார் தாமே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த, 2014இல் இந்திய ரிசர்வ் வங்கி வழிசெய்தது. 2025இல் இவ்விதிகளைப் புதுப்பித்தது. இக்கணக்குகளில் இருப்புக்கு மேல் பணம் எடுக்க முடியாது. பாரத ஸ்டேட் வங்கி 2014இல் ‘பெஹ்லா கதம்’, ‘பெஹ்லி உடான்’ என்னும் சிறார் கணக்குகளை அறிமுகப்படுத்தியது. முன்னது பெற்றோருடன் கூட்டாகத் தொடங்குவது. பின்னது, 10 வயதைக் கடந்து கையெழுத்திடத் தெரிந்த சிறார் தாமே நடத்துவது. 10 வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டம் 2015இல் வந்தது.

மதிப்பீடு

பெற்றோர் போடும் பணம் குழந்தையின் எதிர்காலத்துக்கு உதவும். ஆனால் அதுமட்டும் சேமிப்புப் பழக்கத்தைத் தராது. பாஸ்புக்கைக் குழந்தையே படித்து, சிறு தொகையைத் தானே செலுத்தி, தவறாகச் செலவிட்டதன் இழப்பையும் தானே உணர்ந்தால்தான் அப்பழக்கம் நிலைக்கும்.