படத்தொகுப்பு மென்பொருளில் திருத்த அடுக்கின் தோற்றம்: ஒரு மறு ஆய்வு

நிறத்திருத்தம் செய்யும் படத்தொகுப்பாளர்கள் அன்றாடம் கையாளும் 'அட்ஜஸ்ட்மென்ட் லேயர்' தனக்கென ஒரு படமும் இல்லாத வெற்றுத் துண்டு; டைம்லைனில் தனக்குக் கீழே உள்ள ஷாட்டுகள் அனைத்தின் மேலும் ஒரே திருத்தத்தைச் செலுத்துவது அதன் வேலை. இக்கட்டுரையில் திருத்த அடுக்கு என்று குறிக்கப்படும் இக்கருவி ஃபோட்டோஷாப்பிலிருந்து வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அதற்குச் சான்றுகளும் உண்டு. 1994இல் வந்த ஃபோட்டோஷாப் 3.0 படத்தைத் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்தது; 1996இன் 4.0 பதிப்பு, படமே இல்லாமல் திருத்தத்தை மட்டும் தாங்கும் அடுக்கைச் சேர்த்தது. அதே அடோபி நிறுவனத்தின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 1990களின் முடிவுக்குள் அதை அசையும் படத்துக்குக் கொண்டுவந்தது. 2012இல் பிரிமியர் புரோ சி.எஸ். 6 வழியாக அது எடிட்டிங் டைம்லைனுக்குள் நுழைந்தது. நிறத்திருத்தத்தைப் பொறுத்தவரை இந்த வரிசை வரலாற்றின் ஒரு பாதியே என்பதும், மறுபாதியை பிலிம் லேபின் அச்சு எந்திரத்திலும் அவிட் மென்பொருளின் காலியான ட்ராக்கிலும் தேடவேண்டும் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

மேற்கண்ட வரிசைக்குக் கோட்பாட்டு வலு சேர்த்தவர் லெவ் மனோவிச். ஆஃப்டர் எஃபெக்ட்ஸைப் பற்றி 2000களின் நடுப்பகுதியில் எழுதிய கட்டுரையிலும், அதை விரித்துச் சேர்த்துக்கொண்ட 'சாஃப்ட்வேர் டேக்ஸ் கமாண்ட்' என்ற 2013ஆம் ஆண்டு நூலிலும் அவர் ஒரு பெரும் மாற்றத்தின் வரலாற்றைச் சொல்கிறார். பழைய எடிட்டிங் மென்பொருளுக்கு அசையும் படம் என்பது காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் துண்டுகளின் வரிசை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கோ அது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்ட தனிப் பொருள்களின் சேர்க்கை. அப்பொருள்கள் ஒவ்வொன்றின் இடத்தையும் அளவையும் ஒளிபுகும் தன்மையையும் மற்றவற்றைத் தொடாமல் மாற்றிக்கொள்ளலாம். காலத்தை அடிப்படையாகக் கொண்ட நிலையிலிருந்து சேர்க்கையை அடிப்படையாகக் கொண்ட நிலைக்கு அசையும் படம் 1990களில் இடம்பெயர்ந்தது என்பது அவர் கணிப்பு. ஃபோட்டோஷாப்பின் அடுக்குகளும் அவர் நூலில் முக்கிய இடம் பெறுகின்றன. பிரிக்க முடியாத முழுமையாக இருந்த படத்தை, பிரித்துச் சேர்க்கத்தக்க பகுதிகளின் தொகுப்பாக அவை ஆக்கிவிட்டன என்பதே அங்கு அவர் சொல்வதன் சாரம்.

மனோவிச் திருத்த அடுக்கைத் தனியே எடுத்து அதன் வரலாற்றை எழுத முனையவில்லை. ஆகவே அவர் சொல்லாததை அவர் மேல் ஏற்றுவது முறையன்று. ஆயினும் அவர் காட்டும் இடப்பெயர்வை ஏற்றுக்கொண்டால், எடிட்டிங் மென்பொருளில் திருத்த அடுக்கு தோன்றியதை அந்த இடப்பெயர்வின் கடைசிக் கட்டமாக, அதாவது இடத்தின் தர்க்கம் காலத்தின் தர்க்கத்தை அதன் சொந்த வீட்டிலேயே வென்றதாகப் படிக்க நேர்கிறது. அவ்வாசிப்பையே இக்கட்டுரை மறுக்கிறது.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அளவில் அவர் கணிப்பில் குறை காண்பதற்கில்லை. அங்கு திருத்த அடுக்கு என்பது தனி இனம் அல்ல. எந்த அடுக்கையும் ஒரு பொத்தானைத் தட்டித் திருத்த அடுக்காக மாற்றலாம். மாற்றியதும் அதன் சொந்தப் படம் மறைந்து, அதன் மேல் வைத்த விளைவுகள் கீழுள்ள அடுக்குகளின் மேல் இறங்குகின்றன. அதன் உருவ எல்லையும், அதில் வரையும் மாஸ்க்கும், ஒளிபுகும் அளவும் திருத்தம் எங்கே விழவேண்டும், எவ்வளவு விழவேண்டும் என்பதை முடிவு செய்கின்றன. இவை அனைத்தும் இடத்தின் கேள்விகள். இதே கருவி பிரிமியரின் டைம்லைனில் நிற்கும்போது கேள்வி மாறிவிடுகிறது.

பிரிமியரில் திருத்த அடுக்கு, படம்பிடித்த கிளிப்பைப் போலவே புராஜெக்ட் பெட்டியில் ஒரு பொருளாக உருவாக்கப்படுகிறது. அதற்கு அகல உயரமும் ஃபிரேம் வேகமும் உண்டு. அதை இழுத்து மேல் ட்ராக்கில் வைத்து, நீட்டி, குறைத்து, ரேசர் கருவியால் வெட்டலாம். மாலை வெளிச்சத்தில் எடுத்த ஒரு காட்சியின் நான்கு ஷாட்டுகளுக்குச் சற்றே செம்மை கூட்டவேண்டும் என்றால், முதல் ஷாட்டின் தொடக்கத்திலிருந்து நான்காவதன் முடிவு வரை அத்துண்டை விரித்து, அதன் மேல் ஒரு முறை திருத்தினால் போதும். திருத்தம் படத்தின் எந்த மூலையில் விழுகிறது என்பது இங்கே பெரும்பாலும் எழாத கேள்வி, ஏனெனில் அது ஃபிரேம் முழுவதும் விழுகிறது. எந்தக் கணத்தில் தொடங்கி எந்தக் கணத்தில் முடிகிறது என்பதே கேள்வி. இன்னும் தெளிவான சான்று ஒன்று உண்டு. இத்துண்டின் இறுதியில் ஒரு டிசால்வை வைத்தால், கரைவதற்கு அதில் படம் எதுவும் இல்லாததால், திருத்தம் மட்டும் மெல்லக் கரைந்து மூல நிறம் மீள்கிறது. ஷாட்டுகளை இணைப்பதற்கென்று பிறந்த டிசால்வ் என்ற உத்தி இங்கு நிறத்தின் மேலேயே செயல்படுகிறது. ஃபோட்டோஷாப்பின் திருத்த அடுக்கில் இதற்கு இணையாக எதுவும் இல்லை. இருக்கவும் முடியாது, அசையாப் படத்துக்குத் தொடக்கமும் முடிவும் இல்லையாதலால்.

எடிட்டிங் மேசையில் எழும் தொல்லைகளும் இதையே காட்டுகின்றன. திருத்த அடுக்குக்குக் கீழே உள்ள ஷாட்டுகளின் வரிசையை மாற்றினாலோ, ட்ராக்குகளை ஒன்றாக நகர்த்தும் பூட்டை எடுத்துவிட்டு ஒரு ஷாட்டைச் சுருக்கினாலோ, திருத்தம் இருந்த இடத்திலேயே நிற்க, வேறொரு ஷாட் அதன் கீழ் வந்து சேர்கிறது. மாலைக்கு இட்ட செம்மை அடுத்த காட்சியின் மருத்துவமனைச் சுவரில் ஏறிவிடுகிறது. அடுக்கு கட்டுண்டிருப்பது காலத்தோடு என்பதால் வரும் பிழை இது.

படத்திலிருந்து பிரிந்து, காலத்தோடு கட்டுண்ட திருத்தக் கட்டளை கணினிக்கு மிக முந்தியது. நெகட்டிவிலிருந்து பாசிட்டிவ் அச்சிடும்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும் அச்சு விளக்கின் ஒளியை மாற்றவேண்டும். பழைய எந்திரங்களில் அம்மாற்றத்தைத் தூண்ட நெகட்டிவின் ஓரத்திலேயே சிறு வெட்டு ஒன்று இடப்பட்டது. அதாவது திருத்தத்தின் தடம் மூலப்படத்தின் உடலிலேயே பதிந்தது. பின்னர் வந்த ஃபிரேம் எண்ணும் முறை அவ்வெட்டைத் தேவையற்றதாக்கி, எத்தனையாவது ஃபிரேமில் எவ்வளவு ஒளி என்ற கட்டளையைத் துளையிட்ட காகித நாடாவுக்கு மாற்றியது. பெல் அண்ட் ஹவல் நிறுவனம் 1961இல் கொண்டுவந்த 'மாடல் சி' அச்சு எந்திரம் வெண்ணொளியைச் சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓர் ஒளிவால்வு வழியாகச் செலுத்தி மீண்டும் சேர்த்தது. நாடாவின் துளைகள் அவ்வால்வுகளைத் திறந்து மூடின. அளவுகோல் 50 புள்ளிகள் வரை சென்றது. ஒரு புள்ளி மடக்கை அளவில் 0.025 ஒளியூட்டத்துக்குச் சமம், 12 புள்ளிகள் சேர்ந்தால் கேமராவின் ஒரு ஸ்டாப். நெகட்டிவ் தீண்டப்படாமல் ஓட, பக்கத்தில் நாடா ஓடியது.

இந்நாடாவை அப்படியே திருத்த அடுக்கின் முன்னோடி என்பது மிகை. நாடாவில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே ஒரு நிலைத் திருத்தமே உண்டு. பல ஷாட்டுகளின் மேல் படரும் இரண்டாம் நிலை அதில் இல்லை. ஆனால் அதே எந்திரத்தில், நாடாவுக்குப் புறம்பாக, 'டிரிம்' என்ற அமைப்பு இருந்தது. பிலிம் தொகுதியும் ரசாயனக் கழுவலும் நாளுக்கு நாள் சற்று மாறுபடுவதைச் சரிக்கட்ட, நாடா சொல்லும் எண்களைத் தொடாமல், அவை அனைத்தோடும் ஒரே அளவைக் கூட்டுவதற்கான ஏற்பாடு அது. ஷாட்வாரித் திருத்தம் ஒரு நிலையில், அதன்மேல் பொதுத் திருத்தம் மற்றொரு நிலையில் என்ற பிரிவு இங்கு ஏற்கெனவே முழுமையாக இருக்கிறது. நாடாவுக்குக் காலம் தெரியும், அடுக்கத் தெரியாது. டிரிமுக்கு அடுக்கத் தெரியும், ஆனால் ரீலின் தொடக்கம் முதல் முடிவு வரை அது ஒரே அளவு. இவ்விரண்டும் ஒன்றில் சேர்வதே திருத்த அடுக்கின் தொழில்.

இச்சேர்க்கை எங்கே முதலில் நிகழ்ந்தது என்று கேட்டால், அவிட் மீடியா கம்போசரின் காலியான ட்ராக்கைச் சுட்டவேண்டும். அவிடில் படம் இல்லாத இடம் வெறுமனே விடப்படுவதில்லை. 'ஃபில்லர்' என்ற நிரப்பி அதை நிறைக்கிறது. மேலே புதிய ட்ராக் ஒன்றைச் சேர்த்து, அதிலுள்ள நிரப்பியைக் காட்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் வெட்டி, நடுவில் கிடைக்கும் வெற்றுத் துண்டின் மேல் நிற விளைவைப் போட்டால், கீழுள்ள ட்ராக்குகளின் கூட்டுப்படம் முழுவதும் அவ்விளைவுக்கு உட்படும். வெற்றிடத்தை வெட்டி அதற்குத் தொடக்கமும் முடிவும் கொடுக்கும் இச்செயலில் திருத்த அடுக்கின் எல்லா உறுப்புகளும் இருக்கின்றன. ஆனால் இது கைப்பழக்கம். பதிப்புக் குறிப்புகளில் புதிய அம்சமாக அறிவிக்கப்படும் வகையைச் சேர்ந்தது அல்ல. ஆகவே ஃபோட்டோஷாப் 4.0க்கு இருப்பதுபோல் ஒற்றை ஆண்டை இதற்குச் சூட்டுவது வீண் முயற்சி. 2012இன் பிரிமியர் இதிலிருந்துதான் பெற்றது என்று காட்டும் நேர்ச்சான்றும் இல்லை. எனினும் ஒரு சூழ்நிலைச் சான்றைப் புறக்கணிக்க இயலாது. ஃபோட்டோஷாப்பும் பிரிமியரும் ஒரே நிறுவனத்தின் படைப்புகள். அப்படியிருக்க, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இக்கருவி வர 16 ஆண்டுகள் ஆயின. இடைக்காலத்தில் பிரிமியர் பயன்படுத்தியோர் பல ஷாட்டுகளை ஒரு சீக்வென்ஸுக்குள் அடக்கி, அதையே ஒரு கிளிப்பாக மற்றொன்றில் வைத்துத் திருத்தினர். 2011இல் ஃபைனல் கட் புரோ எக்ஸ் வெளிவந்து தொழில்முறை எடிட்டர்கள் பலர் வேறு மென்பொருள் தேடிய மறு ஆண்டில்தான் திருத்த அடுக்கு பிரிமியரை அடைந்தது. அடுக்கு என்ற கருத்து பரவியதால் அது வந்திருந்தால் வெகு முன்னரே வந்திருக்கவேண்டும். வேறு மேசைகளில் பழகிய கைகள் வந்து கேட்டதால் வந்தது என்று கொள்வதே காலத்தோடு பொருந்துகிறது. கணினியின் வேகம் போதாமல் தாமதித்தது என்ற எதிர்வாதத்துக்கும் இடமுண்டு. பிரிமியரின் 64 பிட் இயக்கமும் கிராபிக்ஸ் அட்டை வழி விரைவும் 2010இன் சி.எஸ். 5உடன்தான் வந்தன. ஆனால் அவ்வெதிர்வாதம் தாமதத்தை மட்டுமே விளக்கும். வந்த கருவி ஏன் அடுக்கைப்போல் நடக்காமல் கிளிப்பைப்போல் நடக்கிறது என்பதை விளக்காது.

இனி, இவ்வாய்வின் மையச் சான்றாக வைக்கத்தக்க ஒரு திரிபு வடிவம். ஃபைனல் கட் புரோ எக்ஸில் ட்ராக்குகள் கிடையாது. முதன்மைக் கதைவரிசை ஒன்று. மற்றவை அதிலுள்ள கிளிப்புகளோடு இணைப்புப் புள்ளியால் கட்டப்பட்டவை. மென்பொருளோடு திருத்த அடுக்கும் வரவில்லை. பயன்படுத்துவோர் கண்ட வழி விசித்திரமானது: எழுத்தில்லாத டைட்டில். ஆப்பிளின் மோஷன் மென்பொருளில் ஃபைனல் கட்டுக்கான டைட்டிலை உருவாக்கத் தொடங்கினால் அதில் இரண்டு உறுப்புகள் இருக்கும்: ஒன்று எழுத்து, மற்றொன்று டைட்டிலுக்குக் கீழே டைம்லைனில் ஓடும் படத்தைப் பெற்றுக்கொள்ளும் பின்னணி. எழுத்து தனக்குப் பின்னால் உள்ள படத்தை மங்கலாக்கவோ வளைக்கவோ வேண்டியிருக்கலாம் என்பதற்காக அமைந்த ஏற்பாடு அப்பின்னணி. எழுத்தை நீக்கிவிட்டு மிச்சத்தை அப்படியே சேமித்தால், ஃபைனல் கட்டின் டைட்டில் பட்டியலில் ஒரு வெற்று டைட்டில் தோன்றும்; அதை ஷாட்டுகளின் மேல் வைத்து அதன் நிறத்தைத் திருத்தினால் கீழுள்ள படத்தின் நிறம் மாறும்.

இத்திரிபு இரண்டு செய்திகளைத் தருகிறது. ட்ராக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அமைப்பையே களைந்துவிட்ட மென்பொருளிலும் இக்கருவியின் தேவை எழுந்திருக்கிறது. அத்தேவைக்கு ஃபோட்டோஷாப் கைகொடுக்கவில்லை, திரைப்படத்தின் மிகப் பழைய உறுப்புகளுள் ஒன்றான டைட்டில் கைகொடுத்தது. இணைப்புப் புள்ளியால் கட்டப்பட்டிருப்பதால் அடியிலுள்ள ஷாட் நகர்ந்தால் இந்த டைட்டிலும் கூடவே நகரும். பிரிமியரின் திருத்த அடுக்கு காலத்தின் ஓர் இடத்தோடு கட்டுண்டது என்றால், இது ஒரு ஷாட்டோடு கட்டுண்டது. அவ்வகையில் இது நெகட்டிவின் ஓர வெட்டுக்கு நாடாவைவிட நெருங்கியது. இணைக்கப்பட்ட கிளிப்புகளும் திரையில் மேலே நிற்பவைதாமே, அதுவும் அடுக்குதானே என்று மனோவிச்சின் பக்கம் நிற்போர் கேட்கலாம். அக்கேள்விக்கு முழு விடை இல்லை. மேலிருப்பது கீழிருப்பதை உள்ளீடாகப் பெறுவது அடுக்கின் இலக்கணம் என்றால் இதுவும் அடுக்கே. ஆனால் அவ்வளவு விரிந்த இலக்கணத்துக்குள் அவிடின் நிரப்பியும் அச்சு எந்திரத்தின் டிரிமும் அடங்கிவிடும். அப்போது 1990களில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் இடப்பெயர்வின் எல்லைக்கோடு கரைந்துவிடும். ஃபைனல் கட் தனக்கென்று திருத்தத் துண்டைச் சேர்த்தது 2025இன் 11.1 பதிப்பில்தான், அதுவரை வெற்று டைட்டில் அவ்வேலையைச் செய்தது.

டாவின்சி ரிசால்வின் வழி இதற்கு வேறானது. தமிழ்ப் படங்களின் பெயர்ப் பட்டியலில் 'டிஐ' என்று வரும் வேலை பெரிதும் நடக்கும் இம்மென்பொருள், படச்சுருளை வீடியோவாக மாற்றும் டெலிசினிக்கு நிறத்திருத்தக் கருவிகள் செய்த டாவின்சி சிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பிறந்து, 2009இல் பிளாக்மேஜிக் டிசைனின் கைக்கு மாறியது. இது அடுக்குகளால் இயங்குவது அன்று. திருத்தங்களைக் கணுக்களாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து இயக்குவது. ஒவ்வொரு கிளிப்புக்கும் உரிய கணுக்கோவை நாடாவின் இடத்தில் நிற்கிறது. டைம்லைன் முழுவதற்கும் உரிய பொதுக் கணுக்கோவை டிரிமின் இடத்தில் நிற்கிறது. இத்தனை இருந்தும், 2019இன் ரிசால்வ் 16இல் 'அட்ஜஸ்ட்மென்ட் கிளிப்' சேர்க்கப்பட்டது. அதற்குக் கிடைத்த இடம் நிறத்திருத்தப் பக்கம் அன்று; எடிட்டிங் பக்கத்தின் விளைவுகள் பட்டியல். அங்கிருந்து இழுத்து டைம்லைனில் வைத்து, தொடக்கமும் முடிவும் வெட்டிய பிறகே நிறத்திருத்தப் பக்கத்தில் அதற்குக் கணுக்கள் கோக்கப்படுகின்றன.