லைலாக் மலரும் லெமுவான் தம்பதியும்

1870ஆம் ஆண்டு. பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டு, கிழக்குப் பிரான்சிலுள்ள நான்சி நகரம் ஜெர்மானியப் படைகளின் வசமாயிற்று. அந்நகரில் நாற்றுப்பண்ணை நடத்திவந்த விக்தர் லெமுவான் என்பவர், அந்த இருண்ட நாட்களில்தான் லைலாக் செடியின் பக்கம் கவனத்தைத் திருப்பினார்.

லைலாக் ஓர் ஆள் உயரத்தையும் தாண்டி வளரும் பெரும் புதர். பால்கன் மலைச்சரிவுகளே அதன் தாயகம். துருக்கியர் தோட்டங்களிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் அது வியன்னாவை அடைந்தது. அதைப் பாரசீகச் செடி என்றே ஐரோப்பியர் நெடுநாள் எண்ணியிருந்தனர். பெயர் மட்டும் உண்மையில் பாரசீக வழி வந்ததுதான். அதன் வேரோ நமக்குப் பழக்கமான 'நீல' என்னும் வடசொல்.

செம்பருத்தியில் ஒற்றையும் அடுக்கும் இருப்பதை நாம் அறிவோம். லைலாக்கிலும் ஓர் அடுக்கு வகை இருந்தது. ஆனால் சின்னஞ்சிறு பூக்கள், அழகும் குறைவு. இதைப் பெரிய பூப்பூக்கும் ஒற்றை வகைகளோடு கலக்க லெமுவான் விரும்பினார். இங்கேதான் சிக்கல். அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்கள் இதழ்களாக மாறிவிடுகின்றன. ஆகவே அதிலிருந்து மகரந்தம் கிடைக்காது. அதைத் தாயாகத்தான் கொள்ள முடியும். அதன் சூலகமோ நெருக்கமான இதழ்களுக்குள் புதைந்து கிடக்கும். கடுகளவு இடத்தில் செய்யவேண்டிய வேலை! லெமுவானுக்கோ கண் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது.

அவர் மனைவி மரீ லூயிஸ் ஏணியில் ஏறினார். ஒவ்வொரு பூவாக இதழ்களை விலக்கி, மெல்லிய தூரிகையால் மகரந்தத்தை வைத்தார். இத்தனை பாடுபட்டும் கிடைத்த விதைகள் மிகச் சிலவே. அவற்றை முளைக்க வைத்து, பூவைக் காணவே ஆண்டுகள் பல ஆயின. கலப்பினப் பயிர் வரலாற்றில் இந்த அம்மையாரின் பெயர் சிறிய எழுத்தில் அச்சாவது நியாயமன்று என்பது என் கருத்து.

இச்செடியை வளர்க்க வெயிலும், நீர் தேங்காத, சற்றே சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணும் வேண்டும். பூ வாடியவுடனே கத்தரித்துவிட வேண்டும். ஏனெனில் அடுத்த ஆண்டின் மொட்டுகள் அந்தக் கோடையிலேயே உருவாகிவிடுகின்றன. தாமதித்து வெட்டினால் போவது பூதான். இலையுதிர்ந்தபின் பல வாரக் குளிர் கிடைத்தால்தான் மொட்டு உறக்கம் கலையும். குளிருக்குக் கணக்கு வைக்கும் இந்த மொட்டு, பௌதிகம் கற்பிக்கும் எனக்கு வெப்பமானியைவிட வியப்பூட்டுகிறது. நம் சமவெளியில் லைலாக் பூக்காததற்குக் காரணமும் இதுவே.

லெமுவான் குடும்பத்தார் மூன்று தலைமுறைகளில் இருநூறுக்கும் மேற்பட்ட லைலாக் வகைகளை உருவாக்கினர். விதையிட்டால் தாயின் குணம் அப்படியே வராது. எனவே ஒட்டுக்கட்டியும் பதியனிட்டும் அவற்றைக் காத்து வருகின்றனர். 1890இல் வெளிவந்த வெள்ளை அடுக்கு லைலாக் ஒன்று இன்றும் நாற்றுப்பண்ணைகளில் விலைக்குக் கிடைக்கிறது. அதன் பெயர் 'மதாம் லெமுவான்'.